அத்தானின் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் ஒரு கார்

2023 வெசாக் விடுமுறையில் கித்துள்கலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அவிசாவளைக்குக் கிட்ட என் கார் நின்றுபோனது. சின்ன ஜப்பான் கார், சி.வி.டி கியர், அதாவது கப்பியும் எஃகுப் பட்டியுமாக ஓடும் ஓட்டோ வகை. காரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறது என்று மூன்று மாதமாகத் தெரிந்தும் ‘அடுத்த சேர்விஸில் பார்ப்போம்’ என்று விட்டவன் நான்தான். விடுமுறை நாள், பக்கத்தில் திறந்த கடை இல்லை. பின்னால் வந்த நண்பனிடம் கெப் (பிக்கப் வண்டி) இருந்தது. கெப்பில் கயிறும் இருந்தது. நியூட்ரலில் போட்டு, கயிற்றைக் கட்டி, கொழும்பு வெள்ளவத்தை வரைக்கும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்தோம். நண்பன் நல்ல ஓட்டக்காரன். றோட் காலியாகக் கிடந்த இடங்களில் 60 வரைக்கும் போனான்.

ஹோஸும் கூலன்டுமாகச் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். மறுநாள் புது ஹோஸ் போட்டு, ஸ்டார்ட் பண்ணி, ‘டி’யில் போட்டேன். கார் ஒருமுறை உதறிவிட்டு அசையாமல் நின்று ஊளையிட்டது. கியர் பொக்ஸ் போய்விட்டது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பொக்ஸ் ஒன்று தேடி வாங்கி, பூட்டி முடிய இரண்டே முக்கால் இலட்சம்.

இந்தக் கதையைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டது நான் விட்ட இரண்டாவது பிழை. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அத்தான் அதை மறக்கவே இல்லை. பென்ஷன் எடுத்த கையோடு அவர் ஃபோர்ட் ஈ-450 சேஸியில் கட்டிய மோட்டார் ஹோம் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தார். கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ளேயே. 2024 ஜனவரியில் ஓர் இரவு, இங்கே ஒன்பது மணி, அங்கே காலை பத்தரை, அழைப்பு வந்தது.

“டேய், காரை இழுத்துக் கெடுத்த ஆள் எங்கட குடும்பத்திலை நீ ஒருத்தன்தான். உனக்குத்தான் தெரியும். எனக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போக ஒரு சின்னக் கார் பார்த்துச் சொல்லு.”

வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவருக்குக் கார் எதற்கு என்றுதான் நானும் கேட்டேன். அக்கா சொன்ன பதில் எனக்கு உடனே புரிந்தது. முகாமில் வண்டியை நிறுத்தினால் தண்ணீர்க் குழாய், கரண்ட் வயர், கழிவுக் குழாய் என்று எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். பிறகு பால் வாங்கப் போவதென்றால் அத்தனையையும் கழற்றி, கோப்பை பீங்கானை எல்லாம் அலுமாரிக்குள் அடைத்து, ஏழு மீற்றருக்கு மேலான வீட்டைக் கடை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். “போன கோடையிலை மூண்டு நாள் பால் இல்லாத தேத்தண்ணி குடிச்சனான்” என்றாள்.

அங்கே இப்படிப் பின்னால் இழுத்துப் போகும் காருக்கு ‘டோட்’ என்று செல்லப் பெயர். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் ‘இழுபடுகிறது’ என்றும் கேட்கும், ‘தேரை’ என்றும் கேட்கும். இழுப்பதற்கு மூன்று வழி உண்டு. காரை முழுதாக ட்ரெய்லரில் ஏற்றலாம். முன்சக்கரம் இரண்டையும் டொலி என்ற சின்ன வண்டியில் ஏற்றிக் கட்டி, பின்சக்கரங்களை உருள விடலாம். அல்லது இரும்புச் சட்டம் ஒன்றால் கொழுவி, நாலு சக்கரமும் றோட்டில் உருள இழுக்கலாம். ட்ரெய்லர் பாரம், விலை, போய்ச் சேர்ந்த இடத்தில் அதை நிறுத்தவும் இடம் வேண்டும். டொலியும் அப்படித்தான், போதாததற்கு ஒவ்வொரு முறையும் குனிந்து பட்டி இழுத்துக் கட்ட வேண்டும். அத்தானுக்கு முழங்கால் சரியில்லை. ஆகவே மூன்றாவது வழிதான் என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டார். நான் அவிசாவளையில் செய்த அதே வேலை, கயிற்றுக்குப் பதில் இரும்பு.

அவருடைய முதல் யோசனை எல்லாரும் யோசிப்பதுதான்: எடை குறைந்த காராகப் பார்ப்போம், சின்னதாக இருந்தால் எதுவும் சரிவரும். பிழை. என் கார் 800 கிலோ சொச்சம்தான். இழுத்த கெப்புக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் கெட்டது கெப் இல்லையே.

அடுத்த நாள் எனக்குப் பொக்ஸ் பூட்டிய நானாவிடம் போனேன். பஞ்சிகாவத்தையில் முப்பது வருடத்துக்கு மேல் கியர் பொக்ஸ் மட்டுமே பிரிக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, உள்ளே இருந்து இரண்டு சாமான் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று மெனுவல் கியர் பொக்ஸில் இருந்து கழற்றிய டிஃபரென்ஷல், சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம். மற்றது ஒரு சி.வி.டியின் எண்ணெய்ப் பம்ப்.

டிஃபரென்ஷலை, பழைய எண்ணெய் கிடந்த தகரத் தட்டில் பாதி அமிழும்படி பிடித்துச் சுற்றினார். அந்தப் பெரிய பல்சக்கரம் எண்ணெயை வாரி மேலே வீசியது. அவருடைய சாரத்திலும் என் சட்டையிலும் புள்ளி புள்ளியாக.

“பாத்தீங்களா மகன், வீல் சுத்துது, இது சுத்துது, எண்ணெய் மேல போகுது. எஞ்சின் தேவையில்ல.” பிறகு பம்பைத் தூக்கிக் காட்டினார். “இது எஞ்சின் பக்கம். எஞ்சின் ஓடினாத்தான் இது ஓடும். நீங்க எஞ்சின நிப்பாட்டிட்டு இழுத்துக்கிட்டு வந்தீங்க. வீல் சுத்துது, உள்ளுக்கு எல்லாம் சுத்துது, எண்ணெய யாரு அடிக்கிற?”

என் பழைய பொக்ஸின் கப்பியையும் அவர் வைத்திருந்தார். கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்க வேண்டிய கூம்பு. நகத்தால் தடவினால் தடக்குகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. எஃகுப் பட்டி எண்ணெய் இல்லாமல் ஐம்பது கிலோமீற்றர் உராய்ந்த அடையாளம். நியூட்ரலில் போட்டால் எல்லாம் விடுபட்டுவிடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். எஞ்சின்தான் விடுபடும். சக்கரத்தோடு சேர்ந்த பாகங்கள் எப்போதும் சக்கரத்தோடுதான்.

இந்த ஒரு விஷயம் விளங்கினால் அரைவாசித் தெரிவு முடிந்தது. மெனுவல் கார்கள் பெரும்பாலும் இழுபடும். எல்லாம் அல்ல; சில மெனுவல் பொக்ஸ்களில் எஞ்சின் பக்கத் தண்டு சுற்றினால்தான் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும். சாதாரண ஓட்டோ, சி.வி.டி இரண்டும் பொதுவாக ஆகாது. இங்கே தெருவுக்குத் தெரு நிற்கும் அக்வா போன்ற ஹைப்ரிட்கள் இன்னும் மோசம்: மோட்டார் முன்சக்கரத்தோடு நிரந்தரமாகக் கோத்திருப்பதால், சக்கரம் சுற்றச் சுற்ற அது கரண்ட் உற்பத்தி செய்யும். அந்தக் கார் நடுவழியில் நின்றால், கயிற்றோடு வரும் நண்பனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, முழுதாக ஏற்றிப் போகும் கரியரைக் கூப்பிடுங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பொக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) உள்ள ஃபோர் வீல் வண்டிகள் தனி இனம். அதற்கென்று உள்ள சின்ன லீவரை நியூட்ரலில் போட்டால் சக்கரங்களுக்கும் கியர் பொக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார் ஹோம்களுக்குப் பின்னால் ஜீப் ரங்ளர் அத்தனை ஓடுவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் இதெல்லாம் பொது விதி. முடிவாகச் சொல்லுவது காரின் கையேடுதான். அதுவும் அந்த மொடல், அந்த வருடம், அந்தக் கியர் பொக்ஸுக்கான கையேடு. வட அமெரிக்காவில் விற்கும் பல கார்களின் கையேட்டில் ‘மோட்டார் ஹோமுக்குப் பின்னால் இழுத்தல்’ என்று தனிப் பகுதியே இருக்கும். எங்கள் ஊருக்கு இறங்கும் ஜப்பான் கார்களின் கையேடு கிடைத்தாலும் ஜப்பான் மொழியில் இருக்கும், அது வேறு கதை. விற்பவர் வாயால் சொல்லும் “ஓம், இழுக்கலாம்” என்பதை நம்பவே கூடாது என்று அத்தானிடம் நாலு தடவை சொன்னேன். பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், பிறகு பேசுவோம் என்றேன்.

எடைக் கணக்கைப் பிறகுதான் எடுத்தோம். அத்தானின் வண்டியில் ஒட்டியிருந்த இலக்கங்கள்: வண்டி தனியாகத் தாங்கும் உச்ச எடை 14,500 இறாத்தல், இழுப்பதோடு சேர்த்து உச்சம் 22,000 இறாத்தல். கழித்தால் 7,500. “அப்ப பெரிய ஜீப்பே இழுக்கலாம்” என்று சந்தோஷப்பட்டார். பின்னால் கொழுவும் ஹிச்சில் என்ன அடித்திருக்கிறது என்று கேட்டேன். குளிருக்குள் குனிந்து பார்த்துவிட்டு வந்து 5,000 என்றார். அதாவது 2,268 கிலோ. இரண்டில் எது சிறிதோ அதுதான் கணக்கு. அதோடு, வண்டிக்குள் தண்ணீரும் சாமானும் ஆட்களும் ஏறிய பிறகு உண்மையில் எவ்வளவு நிறை என்று லொறி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அக்காவின் இடியப்ப உரல், ஆட்டுக்கல் எல்லாம் அந்த வண்டிக்குள்தான் பயணம் செய்கின்றன.

பிறகு வந்ததுதான் உண்மையான சிக்கல். நான் மெனுவல் ஹொண்டா ஃபிட் ஒன்றைக் கண்டுபிடித்தேன்; எடை குறைவு, விலையும் பரவாயில்லை. அத்தான் கொழும்பில் மொறிஸ் மைனரில் ஓட்டப் பழகியவர், கிளச் என்றால் குதூகலம். அக்கா போனை வாங்கினாள்.

“எனக்குக் கிளச் தெரியாது. இந்த மனுசனுக்கு நடுக்காட்டிலை நெஞ்சு நொந்தா, நான் ஆரைக் கூப்பிடுறது?”

அந்த ஒரு கேள்வியோடு பட்டியலில் இருந்த மெனுவல் கார் அத்தனையும் போயின. ஜீப்பில் ஏறிப் பார்த்தார்கள். படி உயரம், அத்தானின் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, ஓட்டோவாகவும் இருக்க வேண்டும், நாலு சக்கரமும் உருள இழுபடவும் வேண்டும். அப்படிப்பட்ட கார்கள் குறைவு. இரண்டு வாரம் இரவிரவாகக் கையேடுகளைப் புரட்டியதில் ஹொண்டா சி.ஆர்.வி அகப்பட்டது. அதன் ஓட்டோ கியர் பொக்ஸை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் தயார்படுத்தினால் இழுக்கலாம் என்று கையேடே சொல்கிறது. ஆனால் 2014 மொடல் வரைக்கும்தான். 2015இல் சி.வி.டிக்கு மாறிவிட்டார்கள், அதோடு அந்த வசதி போய்விட்டது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அத்தான் 2015ஐ வாங்கப் பார்த்தார். மைல் குறைவு, நிறம் அக்காவுக்குப் பிடித்தது, வெளியே பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. விற்பனைக்காரர் “சி.ஆர்.வி எல்லாம் இழுபடும்” என்றாராம். முற்பணம் கட்டப் போகிற காலையில் எனக்குப் படம் அனுப்பினார். இங்கே நித்திரைக்குப் போகிற நேரம். எழும்பி உட்கார்ந்து, கையேட்டுப் பக்கத்தை அனுப்பி, “அத்தான், இரண்டே முக்கால் இலட்சம்” என்று மட்டும் எழுதினேன். திரும்பி வந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து 2014 ஒன்று கிடைத்தது.

காரின் விலையோடு செலவு முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன் பம்பரைக் கழற்றி, சேஸியோடு பூட்டும் இரும்புத் தட்டு, இழுக்கும் சட்டம், மோட்டார் ஹோம் பிரேக் பிடித்தால் காரின் பின் விளக்கும் எரிய வயரிங், பாதுகாப்புச் சங்கிலிகள், பிரேக் சாதனம். எல்லாம் பூட்டு கூலியோடு 4,000 டொலருக்குக் கிட்ட. அத்தான் பிரேக்கை மட்டும் தவிர்க்கப் பார்த்தார், “அந்தப் பெரிய வண்டி நிண்டா இதுவும் நிக்குந்தானே” என்று. சி.ஆர்.வி 1,500 கிலோவுக்கு மேல். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டாலே ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், இறக்கத்தில் ஒன்றரைத் தொன் முதுகில் தள்ளும்போது பிரேக் வேண்டாம் என்று யாருக்கும் தோன்றாது. அவர் வாங்கியது ட்ரைவர் சீற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பெடலை மிதிக்கும் பெட்டி. கார் கழன்று ஓடினால் ஒரு கம்பி இழுபட்டு, அந்தப் பெட்டி தானாக பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தும்.

ஜூனில் நானும் போனேன். சட்டத்தைக் கொழுவிய முதல் நாள் நான் பார்த்தது உயரம். ஹிச் காரின் தட்டைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. இப்படிச் சரிவாக இருந்தால், சடாரென்று பிரேக் பிடிக்கும்போது கார் மோட்டார் ஹோமுக்குக் கீழே நுழையப் பார்க்கும். மூன்று நாலு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பதுதான் அங்கே சொல்லும் கணக்கு. ஹிச்சைத் தாழ்த்தும் துண்டு ஒன்று வாங்கிப் போட்டோம்.

அல்கொன்குவின் காட்டுக்குப் போகும் வழியில்தான் முதல் சோதனை. பெற்றோல் செட்டில் அத்தான் பிழையான வரிசைக்குள் நுழைந்துவிட்டார். முன்னால் ஒரு லொறி, வெளியே போக வழியில்லை. பழக்க தோஷத்தில் ரிவர்ஸ் போட்டார். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கலாம், இப்படிக் கொழுவிய காரை எடுக்க முடியாது. பின்னுக்குத் தள்ளியதும் காரின் முன்சக்கரங்கள் தாமாக ஒரு பக்கம் முழுக்க ஒடிந்து, டயர் தார் மேல் குறுக்கே அரைந்தது. நான் பின்னால் நின்று கத்திய கத்தில் முழு பெற்றோல் செட்டும் திரும்பிப் பார்த்தது. இரண்டு அடி போயிருக்கும், அவ்வளவுதான். இன்னும் தள்ளியிருந்தால் சட்டம் வளைந்திருக்கும்.

கழற்றலாம் என்றால் ஆணி வரவில்லை. சட்டம் முறுக்கி நின்றதால் ஆணி இறுகிவிட்டது. சுத்தியலால் அடிப்பதற்கு அத்தான் தயார். அப்போது அக்கா காருக்குள் ஏறி, ஸ்டீயரிங்கை மெதுவாக வலமும் இடமும் அசைத்தாள். ஓர் இடத்தில் ‘டக்’ என்று இறுக்கம் விட்டது. ஆணி விரலோடு வந்தது. கழற்றுவதென்றால் நேரான, சமமான தரையில் கழற்ற வேண்டும் என்பது அன்று விளங்கியது. இப்போது அவர்கள் பெற்றோல் செட்டுக்குள் நுழையுமுன் வெளியே போகும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் நுழைகிறார்கள்.

பட்டரியும் ஒருமுறை செத்தது. ஸ்டீயரிங் பூட்டிவிடாமல் இருக்கச் சாவியை அக்சசரியில் விட்டுத்தான் இழுக்க வேண்டும். ஆறு மணி நேரம் அப்படியே ஓடினால் பட்டரி இறங்காமல் என்ன செய்யும்? மோட்டார் ஹோமில் இருந்து காரின் பட்டரிக்குச் சார்ஜ் போக ஒரு வயர் இழுத்ததும் சரியாகிவிட்டது. முதலிலேயே வயரிங்கோடு சேர்த்துச் செய்திருந்தால் கூலி மிச்சம்.

எனக்கு அங்கே பயமாக இருந்த ஒன்று, பின்னால் கார் வருவதே தெரியாததுதான். கயிறு கட்டி இழுக்கும்போது பின் காரில் ஓர் ஆள் இருப்பான், ஹோர்ன் அடிப்பான். இதில் ஆளே இல்லை. டயரில் காற்றுப் போனாலும், ஹான்ட் பிரேக் போட்டபடி இழுத்தாலும், அந்தப் பெரிய எஞ்சினுக்கு ஒன்றும் உறைக்காது. புகை வந்தால்தான் தெரியும். பின் கமராவை எப்போதும் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். டயர்களுக்குக் காற்றழுத்தம் காட்டும் மூடி வாங்கியிருக்கிறார்கள்.

நான் திரும்பி வருமுன், வெள்ளவத்தையில் இருந்து கொண்டுபோன கெட்டி அட்டைச் சீ.ஆர். கொப்பியில் அக்கா ஒழுங்கை எழுதி, மோட்டார் ஹோமின் அலுமாரிக் கதவில் ஒட்டினாள். காரைக் கொழுவியதும் அவள் கதவடியில் நின்று, கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்வதுபோல ஒவ்வொன்றாக வாசிப்பாள். அத்தான் காருக்குள் இருந்து “ஓம்” சொல்ல வேண்டும்.

“எஞ்சின் ஸ்டார்ட்?”

“ஓம்.”

“எல்லாக் கியருக்கும் ஒருக்காப் போய் வந்தாச்சோ?”

“ஓம்.”

“டியிலை அஞ்சு செக்கன். பிறகு என். ஆரிலை இருந்து நேரை என்னுக்கு வரக் கூடாது.”

“தெரியும்.”

“ஓம் எண்டு சொல்லுங்கோ. மூண்டு நிமிசம் ஓடட்டும். மணிக்கூடு பார்க்கிறன்.”

மூன்று நிமிடம் இருவரும் பேசாமல் நிற்பார்கள். பிறகு எஞ்சின் நிறுத்து, சாவி அக்சசரியில், ஹான்ட் பிரேக் விடு, சங்கிலி குறுக்கே, கம்பி கொழுவு, விளக்குப் பார். மணிக்கு 65 மைலுக்கு மேல் போகாதே. எட்டு மணி நேரம் தாண்டினால் எல்லாம் திரும்ப முதலில் இருந்து. கடைசி வரி அத்தானின் கையெழுத்து. பெற்றோல் செட்டில் இருந்து வெளியே வந்த அன்று மாலை, அக்காவுக்குத் தெரியாமல் சேர்த்தது: “ரிவர்ஸ் போட வேண்டி வந்தால் முதலில் இவளை எழுப்பு.”